மேலே ஏறும் தண்ணீர்

அக்கா நோயை மறைத்தாளாம். எங்கள் சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் வாய் கூசாமல் சொன்னார். யாரிடம் சொன்னார்? விபத்தை விசாரிக்க வந்த தொழிற்சாலை ஆய்வாளரிடம். அக்கா கையில் பெரிய கட்டோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும்போதே சொன்னார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம், இருக்கட்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நடுநடுவே திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் எனக்கு மிளகாய் என்று பேர். சும்மா வைக்கவில்லை.

அக்கா என் கூடப்பிறந்தவள் அல்ல. ரோலர் மெஷினில் என் ஜோடி. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வண்டி வண்டியாகப் படுக்கை விரிப்புகள் எங்களுக்கு வரும். துவைத்துப் பிழிந்து, அரை ஈரமாக எங்கள் முன்னால் குவித்துவிட்டுப் போவார்கள். நாங்கள் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து உதறி, சுருக்கமில்லாமல் இழுத்து, கொதித்துக்கொண்டு சுற்றுகிற உருளைக்குக் கொடுக்க வேண்டும். உருளை அதை உள்ளே வாங்கி, அந்தப் பக்கம் இஸ்திரி போட்டு அனுப்பும். மெஷினைப் பார்த்து நின்றால் இடது முனை அக்காவுடையது, வலது முனை என்னுடையது. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு நேரம் இருக்காது. தேவையும் இல்லை. துணியைப் பிடித்திருக்கிற என் கைக்கே அவள் எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். ராத்திரி தூங்கவில்லை என்றால் துணி தொய்யும். மகளோடு மனஸ்தாபம் என்றால் வெடுக்கென்று இழுப்பாள்.

நல்ல உயரம் அவள். அளந்துதான் பேசுவாள். நான் அளக்காமல் பேசுவதால் எங்கள் ஜோடிக்குக் கணக்குச் சரியாகிவிடும். கல்யாணமான புதிதில் ஒரு தையல் கம்பெனியில் உட்கார்ந்து நூல் வெட்டியிருக்கிறாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் இங்கே வந்து சேர்ந்தாள். அந்த மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். தங்கமான மனிதர், ஆனால் நல்லது செய்கிறேன் என்று கிளம்பினார் என்றால் நாம் ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

சுருக்கம் விழாமல் விரிப்பைக் கொடுப்பதில் அக்காவுக்கு ஒரு திமிரே உண்டு. ஓரத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டால்கூட, "இது நம்ம கை இல்லை" என்று திரும்ப எடுத்துத் தண்ணீர் தெளிப்பாள்.

"ஏன்க்கா, இதுல படுக்கப்போறவன் ரெண்டே நிமிஷத்துல கசக்கத்தானே போறான்?" என்பேன்.

"அவன் கசக்கட்டும். நாம கசக்க வேண்டாம்" என்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் வேலை நடுவில் இடது கையை ஏப்ரனில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். கை நன்றாகக் காய்ந்திருந்தது.

"என்னக்கா?"

"தண்ணி."

"எங்க தண்ணி?"

"விரல்ல பட்டுச்சு. மேல ஏறுது" என்றாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

அதற்குப் பிறகு அது அடிக்கடி வர ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒரு முறை, சில வாரம் தினமும். தண்ணீர் என்றால் மேலே இருந்து கீழேதானே வரும்? அவளுடைய தண்ணீர் விரல் நுனியில் தொடங்கி உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை என்று மேலே ஏறுமாம். பச்சைத் தண்ணீர், ஜில்லென்று. தோளுக்குப் போய்க் கழுத்தோரமாக ஏறி, நாக்கில் பாதி மரத்துப்போகும். அதற்குள் கை வீங்கித் தலையணை அளவுக்கு ஆகிவிட்ட மாதிரி இருக்குமாம். பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். அப்புறம் கொஞ்ச நேரம் கை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கண்ணால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு எல்லாம் வடிந்துவிடும். ஒரு டம்ளர் டீ குடித்து முடிப்பதற்குள் வந்து போய்விடும். முழு நேரமும் நினைவு இருக்கும், பேச்சு இருக்கும். முடிந்த பிறகு மட்டும் மூட்டை சுமந்தவள் மாதிரிச் சோர்ந்துபோவாள்.

இதைப் போய் நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள், என்ன மரியாதை கிடைக்கும் என்று தெரியும். துணி மடிக்கிற மேஜையில் இருக்கும் பெண்கள் அவளுக்கு ஈரக்கை என்று பேர் வைத்தார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துப் பிழிவது மாதிரி நடித்துக் காட்டுவாள். அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வது, தினமும் அவர்களோடுதானே சாப்பிட வேண்டும்.

அவள் மறைத்தாளா என்பதுதானே கேள்வி? கேளுங்கள். முதல் வாரமே அவள் கண்ணாடி அறைக்குள் போய் மேற்பார்வையாளரிடம் சொன்னாள். அவருக்கு நாங்கள் வைத்த பேர் மடிப்பு. அவர் பேன்ட்டின் மடிப்பில் காய்கறி நறுக்கலாம். முதலாளியின் மச்சினன் என்பதைத் தவிர அந்த நாற்காலியில் உட்கார வேறு தகுதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

"சார், எனக்குக் கையில தண்ணி ஏறுற மாதிரி வருது. அப்ப மட்டும் ஒரு நிமிஷம் மெஷினை நிறுத்திக்கிறேன்" என்றாள்.

"தண்ணி மேல ஏறுதா? ஏன், மோட்டார் போட்டிருக்கியா?" என்றார் மடிப்பு. கூடமே சிரித்தது. தன் நகைச்சுவை அவருக்கே பிடித்துப்போய்விட்டது. அதற்குப் பிறகு அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் "என்ன, மோட்டார் ஓடுதா?" என்று கேட்பார்.

டாக்டரிடம் போகாமலும் இல்லை. ஒருவர் சத்து ஊசி போட்டார். இன்னொருவர் கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது என்று பட்டை மாட்டிவிட்டார். அதை மாட்டிக்கொண்டு குனிந்து ஒரு துணியை எடுக்க முடியவில்லை. மூன்றாவது ஆள் நிமிர்ந்தே பார்க்காமல், "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றாராம். "இல்லைங்க" என்றாளாம் அக்கா. "யோசிச்சுப் பாருங்க, இருக்கும்" என்றாராம். அந்த மனுஷி வீட்டுக்கு வந்து நிஜமாகவே உட்கார்ந்து யோசித்திருக்கிறாள், நமக்கு என்ன பிரச்சினை என்று. நாலாவது ஆள், "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்" என்று சொல்லித் தூக்க மாத்திரை கொடுத்தார். எங்களுக்கு எந்த வயசில்தான் எல்லாம் சகஜமாக இல்லை? அது எங்கே ஆரம்பிக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம். ஒருத்தரும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் தடுப்புக் கம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உருளைக்கு முன்னால், மார்பு உயரத்தில், மெஷினின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு கம்பி போகும். அதில் கை பட்டாலோ உடம்பு சாய்ந்தாலோ உருளை அந்த நொடியே நின்றுவிடும். துணியோடு யாருடைய கையும் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக மெஷின் செய்தவன் வைத்தது. அந்த முகம் தெரியாத மனிதன்தான் அக்காவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் அவள் கம்பியில் சாய்ந்துகொள்வாள். மெஷின் நிற்கும். வடிந்ததும் நிமிர்வாள். நான் பச்சைப் பொத்தானை அமுக்குவேன். மறுபடியும் வேலை ஓடும். இப்படியே வருஷக்கணக்காக ஓட்டினோம், ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஆனால் மெஷின் நிற்கிற ஒவ்வொரு தடவையும் கண்ணாடி அறைக் கதவு திறக்கும். மடிப்பு தலையை நீட்டி, "பாத்தீங்களா, சும்மா சும்மா சாய்ஞ்சு நிறுத்துறா" என்பார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியாது. அவருக்குப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். கூடத்துக்கே பொதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்.

அவசர வேலை வந்தால் அவர் ஒரு காரியம் செய்வார். கிழிந்த விரிப்பின் ஓரத்தை நனைத்துக் கயிறாக முறுக்கி, கம்பியை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிவிடுவார். அப்புறம் யார் சாய்ந்தாலும் கம்பி அசையாது, மெஷின் நிற்காது. வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுவார். முன்பெல்லாம் எப்போதாவது கட்டுவார். அக்கா அடிக்கடி நிறுத்த ஆரம்பித்த பிறகு இது வாடிக்கையாகிவிட்டது. கட்டியிருக்கிற நேரத்தில் அவளுக்குத் தண்ணீர் ஏறாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அந்த நாளும் ஓர் ஓட்டலின் அவசரம்தான். மாலைக்குள் அத்தனை விரிப்பும் போக வேண்டும். மடிப்பு கையில் ஈரத்துணியோடு வந்தார்.

"சார், கம்பியைக் கட்டாதீங்க. எனக்கு அது வேணும்" என்றாள் அக்கா.

"உனக்கு ஓய்வு வேணும்னா வீட்ல போய் எடு. இங்க நடிக்காதே."

"நடிக்கலை சார். கை உள்ள போயிடும்னு பயமா இருக்கு."

"அதெல்லாம் போகாது" என்று சொல்லிக்கொண்டே முடிச்சுப் போட்டார்.

நான் வாயைத் திறந்தேன். "மிளகாய், உனக்கு ஊறவைக்கிற தொட்டிக்குப் போகணுமா?" என்றார். "போறேன். நீங்க வந்து இந்த முனையைப் பிடிங்க" என்றேன். கண்ணாடி அறைக்குள் போய்விட்டார். போனதும் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். ஈரத்துணியில் போட்ட முடிச்சு, நகம் உடைந்ததுதான் மிச்சம். கத்தரிக்கோல் அவர் மேஜையில் இருந்தது. போய்க் கேட்டேன். "வேலையைப் பாரு" என்றார்.

மதியச் சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்சம் முன்னால் துணி என் கையில் என்னவோ போல ஆனது. தொய்யவும் இல்லை, இழுக்கவும் இல்லை, அந்த முனை அப்படியே நின்றது.

"விடுக்கா" என்றேன்.

"விட்டுட்டேன்" என்றாள்.

விடவில்லை. விட்டுவிட்டதாக அவள் நினைத்தாள், கை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே. பழக்கத்தில் கம்பியில் சாய்ந்தாள். கம்பி அசையவில்லை. இன்னும் அழுத்திச் சாய்ந்தாள். விரிப்போடு சேர்ந்து அவள் கை உள்ளே போனது.

நான் ஓடிப்போய்த் தூணில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அடித்தேன். உருளை நின்றபோது இரண்டு விரல்கள் போய்விட்டிருந்தன. எப்படிப் போயிருந்தன என்று சொல்ல மாட்டேன். அக்கா கத்தவில்லை. அந்தக் கையை உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம், "இது யார் கை?" என்று கேட்டாள். தண்ணீர் வடிந்த பிறகுதான் கத்தினாள். அதன் பிறகு வெகு நேரம் கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போட்ட டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார். "இவ்வளவு சூடு பட்டிருக்கு, கையை ஏன் இழுக்கலை?" அக்கா, "கை எங்க இருக்குன்னு தெரியலைங்க" என்றாள். அந்த அம்மா கையில் இருந்த பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, நரம்பு டாக்டரைக் கூப்பிட்டனுப்பினார். சவரம் செய்யாத முகத்தோடு ஒருவர் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எந்த விரல்ல ஆரம்பிக்குது?"

"சுண்டு விரல்ல."

"அப்புறம் எங்க போகுது?"

அவள் சொன்னாள்.

"ஒவ்வொரு தடவையும் அதே வழிதானா?"

"அதே வழிதான். ஒரு நாளும் மாறினதில்லை."

தலையில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். குழாய் மாதிரி ஒரு மெஷினுக்குள் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து அந்த டாக்டர் வந்து, "இது வலிப்பும்மா" என்றார்.

அக்கா சிரித்துவிட்டாள். "வலிப்பா? நான் விழுந்ததே இல்லையே டாக்டர். நுரை வந்ததில்லை, நினைவு போனதில்லை."

"எல்லா வலிப்பும் கீழ தள்ளாது. மூளையில ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வேலை உண்டு. உங்க இடது கைல என்ன படுதுன்னு கண்டுபிடிக்கிற இடம் தலைல வலது பக்கத்துல இருக்கு. அங்க ஒரு பழைய தழும்பு இருக்கு. அந்த இடத்துல மட்டும் அப்பப்ப கரண்ட் தாறுமாறா ஓடுது. அதான் கையில தண்ணி பட்ட மாதிரி இருக்கு. பக்கத்து இடத்துக்குப் பரவும்போது தோள், நாக்குன்னு ஏறுது. வேற இடத்துல வந்தா வேற மாதிரி இருக்கும். சிலருக்கு ரப்பர் கருகுற வாசனை வரும், பக்கத்துல ஒண்ணும் எரியாது. சிலருக்கு வாயெல்லாம் இரும்பு ருசி. சிலருக்குக் கலர் கலரா வட்டம் தெரியும்."

அக்கா தன் கைக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம், "அப்ப நான் நடிக்கலை" என்றாள்.

"நடிக்கிறீங்கன்னு யார் சொன்னது?" என்று கேட்டார் டாக்டர்.

அக்கா அழுதாள். விரல் போனதற்குக்கூட அவள் அப்படி அழவில்லை. கூட இருப்பவர்கள் சொல்லிச் சொல்லி, தான் நடிக்கிறோமோ என்று அவளுக்கே ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. அதை என்னிடம்கூட அவள் சொன்னதில்லை. எனக்கு அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலைத் தூக்கி யார் மேலாவது போடலாம் போல இருந்தது. "இந்தக் கேள்விகளை முதல்லயே ஒரு டாக்டர் கேட்டிருந்தா இந்தக் கை இருந்திருக்குமே சார்?" என்றேன். "கேட்டிருக்கணும்" என்றார் அவர். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், உடனே நிற்காது என்றார். அது நிற்கும்வரை சூடான மெஷின் பக்கம் வேலை வேண்டாம் என்றார். அக்கா தலையாட்டினாள்.

இப்போது மாமா வருகிறார். பெண்டாட்டி பொய் சொல்லவில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார் அல்லவா, மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு வேனை நேராகச் சலவைக்கூடத்துக்கு ஓட்டிப் போயிருக்கிறார். மடிப்பின் முன்னால் நிமிர்ந்து நின்று, "பாத்தீங்களா சார், அவ நடிக்கலை. அவளுக்கு வலிப்பு. பல வருஷமா இருந்திருக்கு" என்று சொல்லியிருக்கிறார். மடிப்பு அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். எத்தனை வருஷமாக, எப்படி வரும் என்று அக்கறையாகக் கேட்டிருக்கிறார். மாமா ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார்.

"உங்க மடிப்பு ரொம்ப வருத்தப்பட்டாரும்மா. டீ எல்லாம் கொடுத்தார்" என்று வந்து என்னிடம் சொன்னார். அந்த ஆள் ஒருத்தருக்கு டீ வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாளே கூடத்தில் பேச்சு மாறிவிட்டது. அவளுக்கு வலிப்பாம். பல வருஷமாம். வேலை போய்விடும் என்று மறைத்தாளாம். மறைத்ததால்தான் விபத்தாம். முதலாளி ஆள் அனுப்பி, நோயை மறைத்து வேலை செய்ததால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை, வைத்தியமும் பார்க்க முடியாது, வேலையும் கிடையாது என்று சொல்லிவிட்டார். நேற்றுவரை நோயே இல்லை, நடிப்பு. இன்றைக்கு நோய் உண்டு, மறைத்துவிட்டாள். எப்படிப் பார்த்தாலும் அவள்தான் பொய்க்காரி. கம்பியில் கட்டியிருந்த ஈரத்துணி எங்கே போனது என்றே தெரியவில்லை. மடிக்கிற மேஜைப் பெண்கள், அலமாரியில் அக்காவின் டம்ளரைத் தனியாகத் தள்ளிவைத்தார்கள். நான் அதை எடுத்து நடுவில் வைத்து அதிலேயே தினமும் தண்ணீர் குடித்தேன். எல்லோரும் பார்க்கும்படி குடித்தேன்.

அக்காவுக்கு எது போனாலும் தாங்கிக்கொள்வாள். ஆனால் மறைத்தாள் என்ற பேர் நின்றுவிட்டால் ஊரில் எந்தச் சலவைக்கூடமும் அவளைச் சேர்க்காது. வைத்தியம் பாதியில் நிற்கும். அதைவிட, மகளுக்கு முன்னால் அவள் பொய் சொன்ன அம்மா. "நான் சொன்னேன்னு யாராவது ஒருத்தர் சொன்னா போதும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆய்வாளர் குடையும் பையுமாக வந்த ஒல்லி மனிதர். முதலாளி, மடிப்பு, அக்கா, நாங்கள் எல்லோரும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றோம். மடிப்புதான் பேசினார். அவள் வலிப்பை மறைத்தாள் என்றார். ஒரு நாளும் தன்னிடம் சொன்னதில்லை என்றார். தடுப்புக் கம்பி எப்போதும் சரியாக வேலை செய்யும், பாருங்கள் என்று தட்டியும் காட்டினார்.

"பொய். கம்பியைக் கட்டினதே நீங்கதான். இந்த வாயாலதானே மோட்டார் ஓடுதான்னு கேட்டீங்க?" என்று நான் கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவருடைய பேன்ட்டைப் பற்றியும் ஏதோ சொன்னதாக ஞாபகம்.

"நீங்க யாரும்மா?" என்றார் ஆய்வாளர்.

"இவங்க பிடிக்கிற துணிக்கு இன்னொரு முனை நான்தான்."

"கத்தினா எனக்கு ஒண்ணும் காதுல விழாது. கொஞ்சம் வெளியே நில்லுங்க."

நின்றேன். வேறென்ன செய்வது. கதவருகே நின்று பார்த்தேன். மடிக்கிற மேஜைப் பெண்களிடம் கம்பி கட்டியிருந்ததா என்று கேட்டார். ஒருத்தி தரையைப் பார்த்தாள், ஒருத்தி மின்விசிறியைப் பார்த்தாள். எல்லோருக்கும் வீடு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, புரிகிறது. புரிந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.

ஆய்வாளர் கடைசியாக, "மெஷினை ஓட்டுங்க. அன்னிக்கு எப்படி நின்னு வேலை பாத்தீங்கன்னு எனக்குக் காட்டுங்க" என்றார். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். சூடான மெஷின் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தும், அக்கா கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு, வலது கையால் அவளுடைய முனையைப் பிடித்தாள். நான் என் முனையைப் பிடித்தேன். ஒன்று போனது. இன்னொன்று போனது. ஒற்றைக் கையிலும் ஒரு சுருக்கம் இல்லை.

அடுத்ததை எடுத்தபோது துணி நின்றது. எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார், வருது" என்றாள் அக்கா, அமைதியாக.

"என்ன வருது?" என்றார் ஆய்வாளர்.

"தண்ணி. கட்டுக்குள்ள, சுண்டு விரல்ல. இப்ப மணிக்கட்டுக்கு வந்துடுச்சு." சொல்லிக்கொண்டே கம்பியில் சாய்ந்தாள். உருளை நின்றது.

அப்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், மெஷின் நின்றால் தானாகத் திறந்துகொள்ளும்.

"பாத்தீங்களா சார், சும்மா சும்மா சாய்ஞ்சு நிறுத்துறா. தினமும் இதே கதைதான். இப்படி இருந்தா வேலை ஓடுமா? அதுக்குத்தான் கம்பியைக் கட்டி வெக்கிறதே."

ஆய்வாளர் மெதுவாகத் திரும்பினார். "எதைக் கட்டி வெக்கிறது?"

மடிப்பின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "இல்ல சார், அது முன்னாடி எப்பவோ…" என்று இழுத்தார். முதலாளி தன் மச்சினனைப் பார்த்த பார்வையில் துணியே காய்ந்துவிடும்.

"முன்னாடி இல்லைங்க" என்றாள் மடிக்கிற மேஜையில் மூத்தவள். சற்று முன் தரையைப் பார்த்தாளே, அவள்தான். "அன்னிக்கும் கட்டியிருந்தது. கட்டாதீங்கன்னு இவ கேட்டா. நாங்க எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தோம்."

"தோளுக்கு வந்துடுச்சு" என்றாள் அக்கா. ஆய்வாளர் நாற்காலியை இழுத்துவந்து அவளை உட்காரவைத்தார். வடியும்வரை பக்கத்திலேயே நின்றார். எந்த டாக்டரும் அவளுக்காக அப்படி நின்றதில்லை, நரம்பு டாக்டரைத் தவிர.

வடிந்ததும் அக்கா நிமிர்ந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "சார், நான் மறைச்சேன்னு சொன்னார். என்ன நோய்னு எனக்கே போன மாசம்தான் தெரியும். பேரே தெரியாததை எப்படி சார் மறைக்கிறது? தெரிஞ்சதை எல்லாம் அவர்கிட்ட சொன்னேன். தண்ணி ஏறுதுன்னு சொன்னேன். கம்பி வேணும்னு சொன்னேன். கை போயிடும்னு சொன்னேன். போயிடுச்சு."

முதலாளி தொண்டையைச் செருமினார். ஆய்வாளர் அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மறைத்தாள் என்ற பேச்சு போனது. வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. கம்பியில் கை வைத்தால் கூடத்துக்குப் பூட்டு என்று ஆய்வாளர் சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்கு வேலை உண்டு, டாக்டர் சொன்னபடி மெஷினில் இல்லை, மடிக்கிற மேஜையில். மடிப்பு? அதே நாற்காலி, அதே கண்ணாடி அறை. மச்சினனை யார் வீட்டுக்கு அனுப்புவார்கள்? ஒரு மன்னிப்புக்கூட அந்த வாயிலிருந்து வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், என் கோபம் இருக்கட்டும்.

இப்போது என் ஜோடி வேறொருத்தி. மாத்திரையில் அக்காவுக்கு வருவது நன்றாகக் குறைந்துவிட்டது, ஆனாலும் எப்போதாவது வரும். வந்தால் முன் மாதிரி ஏப்ரனில் துடைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணாடி அறையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"சார், வருது."

அவர் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் மறுபடியும் கூப்பிடுவாள்.

"விரல்ல இருக்கு. முழங்கைக்கு வந்துடுச்சு. வடியுது. கேட்டுக்கிட்டீங்களா சார்? அப்புறம் சொல்லலைன்னு சொல்லக் கூடாது."

அவருடைய பதிலை அந்த இரைச்சலில் யாரும் தவறவிடக் கூடாது என்று நான் கம்பியில் சாய்ந்து மெஷினை நிறுத்துவேன்.

"கேட்டேன்" என்பார் மடிப்பு.

"மிளகாய்க்குக் கேட்கலை சார்" என்பாள் அக்கா.

"கேட்டேன்மா" என்று அவர் சத்தமாகச் சொல்வார். அக்கா அடுத்த தலையணை உறையை எடுத்து மடிக்க ஆரம்பிப்பாள்.